இடிக்க வேண்டுமா, முட்டுக்கொடுத்தால் போதுமா?

கேள்வி: பக்கத்து வீட்டு மாடியின் கைப்பிடிச்சுவர் தெருப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். நகராட்சியில் மனு கொடுத்தும் பலனில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். விழுந்துவிடக்கூடிய நிலையில் நின்று, அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் விளைவிக்கக்கூடிய கட்டடத்தை அகற்றவோ, பழுதுபார்க்கவோ, முட்டுக்கொடுத்துத் தாங்கவோ நிபந்தனை ஆணை (சொன்னதைச் செய், இல்லையேல் வந்து காரணம் காட்டு என்னும் ஆணை) பிறப்பிக்க, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133) கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது. இடிப்பது மட்டுமே வழி என்று சட்டம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். "இடிக்க வேண்டும்" என்று மட்டும் கேட்டு எழுதப்படும் மனுக்கள்தாம், என் அனுபவத்தில், வீண் வழக்காடலில் முடிகின்றன. ஆணையை நேரில் சார்வு செய்ய (உரியவரிடம் சேர்ப்பிக்க) இயலாவிட்டால் பொது அறிவிப்பு செய்து, அதன் நகலைப் பொருத்தமான இடத்தில் ஒட்டலாம் என்பதால், உரிமையாளர் ஊரில் இல்லை என்பது தடையாகாது. ஆணை இறுதியான பிறகும் அவர் செய்யாவிட்டால், நடுவரே வேலையைச் செய்வித்து, செலவை அவரிடமே வசூலிக்கலாம். மனுவுடன் தேதியிட்ட படங்களை இணையுங்கள். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்தால் பதித்து, அதன்மேல் தேதியை எழுதிவையுங்கள். துண்டு உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். இதைச் சுவருக்கு அடியில் நின்று செய்யாமல், பொறியாளரைக் கொண்டு செய்வதே நல்லது.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 18 வீடுகள். மேற்கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருவேறித் தெரிகிறது. 12 பேர் இடித்துக் கட்டச் சம்மதிக்கிறார்கள். ஆறு பேர் மறுக்கிறார்கள்.

பதில்: 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-இன்படி, மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் மறுகட்டுமானத்துக்குப் போதும், உங்கள் 12 பேர் மிகச் சரியாக அந்த எண்ணிக்கை, ஒருவர் மனம் மாறினாலும் குறைந்துவிடும் என்பதால் சம்மதங்களை எழுத்தில் வாங்குங்கள். ஆனால் சம்மதம் சேரும்வரை அந்தக் கூரையின்கீழ் தூங்கலாமா என்பது வேறு கேள்வி. 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு சரிந்தபோது, விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால்தான் உயிரிழப்பு நேரவில்லை. கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையை முதலில் பெறுங்கள். மறுப்பவர்களில் சிலரை அதுவே வழிக்குக் கொண்டுவரக்கூடும்.

கேள்வி: கட்டடம் பழுதென்று கூறி, ஞாயிறுக்குள் காலிசெய்யச் சொல்கிறார் உரிமையாளர். செய்ய வேண்டுமா?

பதில்: அவர் வாய்ச்சொல்லால் மட்டும் வெளியேற்ற முடியாது. 2019 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, காலிசெய்யாமல் மேற்கொள்ள இயலாத பழுதுபார்ப்போ இடிப்போ தேவை என்று வாடகை நீதிமன்றத்தில் காட்டியே அவர் உத்தரவு பெற வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்கடி தரவும் கூடாது. பொறியாளரின் அறிக்கையைக் கேளுங்கள். அபாயம் உண்மையென்றால், வழக்கில் வெல்வதற்காக அங்கேயே தங்கியிருக்க வேண்டாம்.

கேள்வி: பக்கத்து மனையில் பழைய வீட்டை இடிக்கிறார்கள், எங்கள் சுவரில் விரிசல் விழுகிறது.

பதில்: இடிக்கும்போது மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 290ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சுவருக்கான இழப்பீட்டை உரிமையியல் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்க வேண்டும். இடிப்புக்கு முந்தைய படங்கள் இருந்தால் தேடி எடுத்துவையுங்கள்.