கோடை விடுமுறையில் வடசென்னையில் காசு செலவில்லாமல் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

கலை, இயற்கை என்று எதுவாக இருந்தாலும் அடையாறு, பெசன்ட் நகர் பக்கம்தானே நடக்கிறது என்று கேள்வியிலேயே அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டைக்காரன். இங்கேயும் நடக்கிறது, ஆனால் செல்போனில் தேடினால் வராது. டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிக்க வேண்டும்.

என் முதல் ஓட்டு தெருக்கூத்துக்கு. சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில்களில் பாரதக் கதை கூத்தாக நடக்கும். கடைசியில் தீமிதி. இடம் இருக்கிற கோயில் என்றால் படுகளத்தன்று, அதாவது துரியோதனன் போரில் விழும் கட்டத்தன்று, அவனை மண்ணால் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு பெரிதாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். போன வருடம் நோட்டீஸில் 'இரவு 9 மணி' என்று போட்டிருந்ததை நம்பி மகளோடு போய் உட்கார்ந்தேன். பத்தரை வரைக்கும் மைக் டெஸ்டிங்தான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்களுக்கு லாபமாகப் போனது. திரைக்குப் பின்னால் துரியோதனன் வேடக்காரர் முகத்தில் சிவப்பு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். "பாப்பா, இந்தக் கண்ணாடிய கொஞ்சம் தூக்கிப் புடி" என்றார். இவளும் மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மீசையை வரைந்து, தோளில் புஜகட்டையைக் கட்டி, கிரீடத்தை வைத்ததும் அவர் குரலே மாறிவிட்டது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து நக்கலடிக்கும்போது விழித்திருந்தவள், சபைக் காட்சிக்குள் என் மடியில் தூங்கிவிட்டாள்.

அடுத்தது காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகத் தடை. மீன் விலை ஏறிவிடும், அது தனிப் புலம்பல். ஆனால் படகைப் பக்கத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. கரையேற்றிய மரப்படகில் பலகை இடுக்குகளில் பஞ்சை வைத்து உளியால் தட்டி அடைப்பார்கள். இன்னொரு பக்கம் பெயின்ட் வேலை. நிழல் கிடைத்த இடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து வலை பழுது பார்ப்பார்கள். கிழிந்த கண்ணியை அவர்கள் விரல் தானாகத் தேடிப் பிடிக்கும். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது அவர்களுடைய பிழைப்பு இடம். திரும்பும்போது 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை வெளியில் இருந்து காட்டலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது.

சாயங்காலம் என்றால் திருவொற்றியூர். தியாகராஜ சுவாமி கோயிலில் மகிழ மரத்தைக் காட்டி, அதனடியில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த கதையைச் சொல்லுங்கள். அப்புறம் கடலோரம் பட்டினத்தார் சமாதி. காற்று நன்றாக வரும். மதியத்தில் மட்டும் போகாதீர்கள், கத்திரி வெயிலில் கோயில் கல்தரையில் நான் குதித்த குதிப்பைப் பார்த்து மகள் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

மழலைக் கச்சேரி, ஓவிய முகாம் மாதிரி முறைப்படி நடத்துகிற நிகழ்ச்சிகள் இங்கே குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். சென்னை சங்கமம் மாதிரியான அரசு விழாவும் பொங்கலை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் கேரம் இருக்கிறது! 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான்.

விடுமுறை முடிந்துவிட்டாலும் கவலை வேண்டாம், ஆடி ஞாயிறு இருக்கிறது. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், பம்பை உடுக்கையோடு அம்மன் வர்ணிப்பு நடக்கும், ராத்திரி மெல்லிசைக் கச்சேரியும் உண்டு. போகும்போது வீட்டில் இருப்பதிலேயே பெரிய தூக்கை எடுத்துப் போங்கள். பாத்திரத்தைப் பார்த்துத்தான் ஊற்றுவார்கள்.