ஜோகன்னஸ்பர்க் – சிட்னி: போகும்போது 12 மணி நேரம், திரும்பும்போது ஏன் 14?

விமானத் தூரம் என்பது உருண்டைப் பூமியின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வளைவு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சிட்னிக்கு அது ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து சிட்னிக்குப் பேத்தியைப் பார்க்கப் போன என் பெரியம்மா, இருக்கைத் திரையில் விமானம் தெற்கே வளைவதைப் பார்த்து, "வழி தவறிவிட்டானோ?" என்று பயந்துவிட்டார். ஓர் ஆரஞ்சின் கீழ்ப்பாதியில், எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு புள்ளி வைத்து, பூக்கட்டும் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே அடிப்பக்கம் நழுவும். அதுதான் குறுக்கு வழி. தட்டையான வரைபடம்தான் அதை வளைத்துக் காட்டுகிறது.

நேரத்தைத் தீர்மானிப்பது காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. டர்பன் கடற்கரையில் காற்றுக்கு முதுகு காட்டிச் சைக்கிள் மிதித்தவர் திரும்பி வரும்போது மூச்சு வாங்குவார் அல்லவா, அதே கதைதான். சிட்னிக்குச் சுமார் 12 மணி நேரம், திரும்ப 14 மணி நேரம்.

டிக்கெட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்க்காதீர்கள். அவை அந்தந்த ஊர் நேரம். சிட்னி 8 மணி நேரம் முன்னே, அங்கே கோடையில் 9.

பூமி சுழல்வதால் சிட்னி விமானத்தை விட்டு விலகி ஓடுவதில்லை. காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன.