ஐஸ் பிளாண்டில் அம்மோனியா: முதலாளி எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

மண்டபம் ஐஸ் பிளாண்ட் ஒன்றில் தம்பி வேலை செய்கிறார், அங்கே குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயு கசிந்து அடிக்கடி கண் எரிகிறது, முதலாளி என்ன பதிவுகள் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பாதுகாப்புத் தரவுத்தாள். அம்மோனியா பட்டால், மூச்சில் போனால் என்ன செய்வது என்பது அதில் இருக்கும். அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தால் பயனில்லை. கம்ப்ரசர் அறைப் பக்கம், தமிழில் இருக்க வேண்டும். 

அடுத்தது மருத்துவப் பதிவு, இதுதான் முக்கியம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 41சி பிரிவு, அபாயகரமான செயல்முறை உள்ள தொழிற்சாலைகளில் ரசாயனத்துக்கு ஆளாகும் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவை முதலாளி சரியாகப் பராமரிக்க வேண்டும், அதைத் தொழிலாளி பார்க்கவும் முடிய வேண்டும் என்றது. வேலையில் சேர்க்கும் முன் பரிசோதனை, அப்புறம் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மறுபடியும். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த 2020 பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமை உண்டு. பத்து வருடம் கழித்து நுரையீரல் கெட்டால், வேலையால் வந்தது என்று காட்ட இந்தத் தாள்தான் துணை. ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லித் தம்பியை விட்டுவிடக் கூடாது.

1948 சட்டத்தின் அட்டவணைப்படி, 8 மணி நேர வேலையில் காற்றில் அம்மோனியா சராசரியாக 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) தாண்டக் கூடாது என்று இருந்தது. அளந்தார்களா, எப்போது, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அழுத்தக் கலன், அதாவது அம்மோனியாவை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் தொட்டி, அதன் சோதனை அறிக்கையையும் விடாதீர்கள். காட்ட மறுத்தால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம். ஒவ்வொரு கசிவின் தேதியையும் தம்பி இன்றிலிருந்தே தன் நோட்டில் குறித்து வரட்டும்.