கஸ்டம்ஸ் மாற்றத்தை முதல்ல கொஞ்சப் பேரோட மட்டும் செய்து பாக்கிறது இலங்கைக்குச் சரிவருமா?

கேள்வியைப் பாத்தா நீங்கள் கம்பஸுக்கு புறொஜெக்ட் எழுதுற பிள்ளை போல இருக்கு. நான் புறக்கோட்டையில வெங்காயம், செத்தல் மிளகாய் இறக்கிற ஒரு கடைக்கு 19 வருஷமா வாஃப் கிளாக், அதாவது கஸ்டம்ஸில கடதாசி வேலை முடிச்சுச் சாமானை வெளியில எடுக்கிற ஆள்.

சரிவரும், ஆனா எழுத்தில இருக்கவேணும். ஆஸ்திரேலியாவில 1901ம் ஆண்டுச் சுங்கச் சட்டத்துக்குள்ளயே இதுக்கெண்டு ஒரு பகுதி சேத்தவை, விரும்பின கம்பெனியள் சேரலாம், அவையளுக்கு மட்டும் குறிச்ச காலத்துக்கு சில விதியள் மாறும், காலம் முடிய பழைய சட்டம்தான். பிழைச்சாலும் அந்தக் கொஞ்சப் பேரோட போயிடும். எங்கட சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ல வந்தது, அதை ஒரே நாளில மாத்த ஏலாது எண்டு எனக்கும் விளங்குது.

சில வருஷத்துக்கு முன்னம் ஒரு அலுவலகத்தில "இனி சாமானுக்குரிய கடதாசியளை ஸ்கான் பண்ணி அனுப்பினாக் காணும், ஒறிஜினல் தேவையில்லை, இப்ப ட்றையல் நடக்குது" எண்டு வாயால சொன்னவை. நானும் நம்பி அனுப்பினன். அசிகுடா எண்ட கஸ்டம்ஸ் கொம்பியூட்டரில கஸ்டெக் (சாமான் விபரப் பத்திரம்) போட்டு வரியும் கட்டியாச்சு, கொண்டெய்னர் கஸ்டம்ஸ் பாக்கிற யார்ட்டுக்கு வந்தாப் பிறகு அங்க நிண்டவருக்கு அப்பிடியொரு ட்றையல் இருக்கிறதே தெரியாது, ஒறிஜினலைக் கொண்டா எண்டிட்டார். அது தூத்துக்குடியில கிடக்கு. நடுவில சனி ஞாயிறு, திங்கள் போயா லீவு. பிந்தினதுக்குக் கட்டுற டெமரேஜ் காசு ஒருபக்கம், கதவைத் திறக்கேக்க கீழடுக்குச் சாக்கெல்லாம் அழுகித் தண்ணி ஓடுது. முதலாளி ஏசேல்ல, ஆனா அந்த மாசம் முழுக்க என்ர முகத்தைப் பாத்துக் கதைக்கேல்ல.

ஆபீசரைக் குறை சொல்லுறன் எண்டு ஆரும் கொமண்ட் போடாதேங்கோ. அவர் செய்தது சரி, நாளைக்கு ஒடிட் வந்தா மாட்டுப்படுறது அவர்தான். ஒரு சுற்றறிக்கை கையில இருந்திருந்தா அவரும் விட்டிருப்பார். 2025 ஜனவரியில துறைமுக நெரிசல் எண்டு 323 கொண்டெய்னரைத் திறந்து பாக்காம விட்டதுக்குப் பாராளுமன்றம் வரைக்கும் கதை போனது தெரியும்தானே, அதுக்குப் பிறகு வாய்ச்சொல்லை நம்பி ஆர் கையெழுத்து வைப்பினம்?

இப்பிடியான ட்றையலுக்கு ஆள் எடுக்கேக்க பெரிய கம்பெனியளை மட்டும் எடுக்கவும் கூடாது. அவையிட்ட கொம்பியூட்டர் வேலைக்கெண்டே ஆள் இருக்கு, அவை சமாளிச்சிட்டினம் எண்டு எல்லாருக்கும் கொண்டுவந்தா வருஷத்துக்கு இருபது கொண்டெய்னர் இறக்கிற நாங்கள் முறிஞ்சுபோவம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை எண்டாலும் சொல்லுறன், 1987ல பதின்மூண்டாம் திருத்தத்தோட தமிழும் ஆட்சிமொழி எண்டாச்சு, இண்டைக்கும் எங்கட கடைக்கு வாற கடிதம் பாதி சிங்களத்தில மட்டும்தான். போன மாசம் வந்ததையும் பக்கத்துக் கடைச் சிங்களத் தம்பி சுனிலிட்டக் குடுத்துத்தான் வாசிப்பிச்சனான், அதுக்குள்ள குடுத்த தவணையில ரெண்டு நாள் போயிட்டுது.