வளர்ந்த வரி யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2011-ஆம் ஆண்டு நகரச் சீரமைப்புத் திட்டங்களையும் தொழில் ஊக்கச் சலுகைகளையும் மாநில அரசு வெட்ட முனைந்தபோது, நகர மன்றங்கள் தீர்மானம் போட்டு எதிர்த்தன, நீதிமன்றத்துக்கும் போயின. நாளை சென்னையிலிருந்து வரும் நிதியில் கைவைத்தால் நம் நகராட்சியும் அப்படிப் போராட வேண்டாமா? ஊர்ப் பணத்தை மேலே உள்ளவர்கள் எடுத்துக்கொள்வது கொள்ளைதானே?
– வாசகர் ஒருவர், இராமேசுவரம்

பதில்: போராடலாம். ஆனால் கலிபோர்னிய நகரங்களை முன்மாதிரியாகக் காட்டுவதற்கு முன், அவை எந்தப் பணத்துக்காகப் போராடின என்பதைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அங்கே 1945-இல் வந்து பின்னர் விரிவாக்கப்பட்ட சட்டத்தின்படி, ஒரு நகரம் தன் எல்லைக்குள் ஒரு வட்டாரத்தை நலிந்த பகுதி என்று அறிவித்துச் சீரமைப்பு முகமை ஒன்றின் பொறுப்பில் விடலாம். அறிவித்த ஆண்டில் அங்கு வசூலான சொத்து வரியின் அளவு மட்டும் முன்போலவே பள்ளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் போகும். அதற்கு மேல் ஆண்டுதோறும் வளரும் வரியில் பெரும்பகுதி முகமைக்குப் போகும். முகமை அதை ஈடாகக் காட்டிக் கடன் பத்திரம் விற்றுச் சாலையும் கட்டடமும் போடும். அந்த வளர்ச்சியில் பள்ளிகளுக்குச் சேர வேண்டிய பங்கும் அடங்கியிருந்தது என்பதுதான் சிக்கல். பள்ளிக்குக் குறைந்ததை மாநிலக் கருவூலம் ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 400 முகமைகள் சேர்ந்து மாநிலத்தின் மொத்தச் சொத்து வரியில் 12 விழுக்காட்டளவை எடுத்துக்கொண்டிருந்த நிலையில், சுமார் 2,500 கோடி டாலர் பற்றாக்குறையோடு பதவியேற்ற ஆளுநர் ஜெர்ரி பிரவுன், 2011 ஜனவரியில் முகமைகளையும், நிறுவனங்களுக்கு வரிச் சலுகை தரும் தொழில் ஊக்க மண்டலங்களையும் ஒருசேர ஒழிக்க வேண்டும் என்றார். (ஓக்லாந்து நகர மேயராக இருந்தபோது இதே சீரமைப்பு நிதியைக் கொண்டு நகர நடுவே குடியிருப்புகளைக் கட்டுவித்தவரும் அவரே. நாற்காலி மாறினால் கணக்கும் மாறும் போலும்.)

ஆக, நகரங்கள் ஊர்ப் பணம் என்று சொன்னதில் ஒரு பகுதி பள்ளிப் பணம். நலிந்த பகுதிக்கு என்று ஒதுக்கியது எங்கே போனது என்பதும் இருக்கிறது: பாம் டெசர்ட் என்ற நகரம் சொகுசு கோல்ஃப் மைதானம் ஒன்றைச் செப்பனிட இந்நிதியைத் திருப்பியதை, மாநிலக் கணக்குத் தலைமை அதிகாரி 2011 மார்ச்சில் எடுத்துக்காட்டினார். அதே வேளையில் நகரங்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்த நிதியில் ஐந்தில் ஒரு பங்கு எளியவர்களுக்கான வீட்டு வசதிக்குச் செல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தது; முகமைகளோடு அதுவும் போயிற்று. சீரமைப்பு நிதியை மாநிலம் எடுக்கக் கூடாது என்று 2010 நவம்பரில்தான் வாக்காளர்களே வாக்களித்திருந்தனர்.

அந்த வாக்கெடுப்புதான் பின்னர் நகரங்களின் காலை வாரியது. 2011-இல் இரண்டு சட்டங்கள் வந்தன: ஒன்று முகமைகளைக் கலைத்தது, மற்றொன்று, மாநிலம் கேட்கும் தொகையைக் கட்டும் நகரம் தன் முகமையை வைத்துக்கொள்ளலாம் என்றது. நகரங்கள் இரண்டையும் எதிர்த்து வழக்குப் போட்டன. 2011 டிசம்பர் 29 அன்று மாநில உச்ச நீதிமன்றம், ஆக்கிய சட்டமன்றத்துக்கு அழிக்கவும் அதிகாரம் உண்டு என்று முதல் சட்டத்தை நிலைநிறுத்தியது. பணம் கேட்பது 2010 வாக்கெடுப்புக்கு முரணானது என்று இரண்டாவதை ரத்து செய்தது. எந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருக்கலாமோ, அதையே வழக்குப் போட்டு ஒழித்துவிட்டு, 2012 பிப்ரவரி 1 அன்று முகமைகள் அனைத்தும் கலைந்தன. தொழில் ஊக்க மண்டலங்களை ஒழிக்கும் சட்டம் 2013-இல் வந்தது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். இராமேசுவரத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுவருபவை கோயிலும் ரயிலும். வழிபாட்டுத் தலத்துக்குச் சொத்து வரி இல்லை. ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசுச் சொத்துகளுக்கு அரசியலமைப்பின் 285-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. அக்னி தீர்த்தக் கரையில் நீராடுவோர் விட்டுப்போகும் ஈரத் துணிகளை விடியற்காலையில் அள்ளுவது மட்டும் நகராட்சித் தொழிலாளியின் வேலை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததால் மனை விலை ஏறினாலும், நம் சொத்து வரி கட்டடத்தின் பரப்பளவையும் மண்டலத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், அந்த ஏற்றம் நகராட்சியின் ஏட்டில் தானாக ஏறாது. கலிபோர்னியா போல வளர்ந்த வரியை ஒதுக்கிவைக்க இங்கே முதலில் வரி வளர வேண்டுமே! வரியை எவ்வளவு உயர்த்துவது என்பதைக்கூட 2022-இல் மாநில அரசுதான் அறிவித்தது. அப்படிச் செய்யாவிட்டால் மானியம் இல்லை என்று பதினைந்தாவது நிதிக்குழு விதித்திருந்தது.

ஊக்கச் சலுகைகளின் கதையும் இதுவே. 2017-இல் பாக் நீரிணை விசைப்படகு மீனவர்களை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றக் கொண்டுவந்த திட்டத்தில், 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு மத்திய அரசு பாதியும் மாநில அரசு 20 விழுக்காடும் தருவதாக இருந்தது, 20 விழுக்காடு வங்கிக் கடன், மீதம் 10 விழுக்காடு மீனவர் பங்கு. நகர்மன்றத்துக்கு அதில் எந்த இடமும் இல்லை. நாளை இத்தகைய சலுகையை வெட்டினால் எதிர்ப்புத் தீர்மானம் போடலாம். ஆனால் கலிபோர்னிய நகரங்கள் தம் எல்லைக்குள் வசூலான வரியைக் காட்டி வாதாடியதுபோல வாதாட நம்மிடம் எதுவும் இராது.

நமக்கென்று சட்டப்படி உள்ளதையாவது கேட்கிறோமா? தமிழகத்தில் கிரயப் பத்திரத்துக்குச் செலுத்தும் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையில் 2 விழுக்காடு உள்ளாட்சிக்குரிய சொத்து மாற்று வரி. பதிவுத்துறை வசூலித்துத் தரும் அந்தத் தொகை எவ்வளவு, எப்போது வந்தது, எத்தனை தங்கும் விடுதிகள் வீட்டு உபயோகக் கட்டடம் என்ற கணக்கில் வரி கட்டுகின்றன என்று தங்கள் வார்டு உறுப்பினரை அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் நமக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்; சென்னையை எதிர்ப்பதா, ஆணையரைக் கேட்பதா என்பதை அதைப் பார்த்துப் பேசுவோம்.