செண்டாய்க்கு வரும் தங்கைக்கு: மொழியைக் கற்காமல் வராதீர்கள்

ஜப்பானின் செண்டாய் நகரில் இருக்கும் தோஹொகு பல்கலைக்கழகத்தில் காந்த உலோகக் கலவைகளை ஆராய உங்களுக்குப் பேராசிரியர் ஒருவர் சம்மதம் தந்திருக்கிறார். அக்டோபரில் ஆய்வு மாணவியாகச் சேரப் போகிறீர்கள். ஆங்கிலமே போதும் என்று அவர் எழுதியிருக்கும்போது ஜப்பானிய மொழிக்காக நேரம் செலவிட வேண்டுமா என்று திருநெல்வேலியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வாடகை, குளிர், சைவ உணவு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். குளிருக்கு உரிய உடைகளை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். அரிசியும் பருப்பும் கிடைக்கும். தாஷி எனப்படும் மீன் சாறு எந்த உணவில் கலந்திருக்கிறது என்று கேட்க மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மொழி பற்றிய கேள்விக்குத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். 2007 அக்டோபரில், பல்கலைக்கழகம் தன் நூற்றாண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், உங்களைப் போலவே ஆங்கிலத்தை மட்டும் நம்பித்தான் நானும் செண்டாய் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கென்கியூசெய் என்று இங்கே அழைக்கப்படும் ஆய்வு மாணவர், பட்டப்படிப்பு மாணவர் அல்லர். எத்தனை மாதம் உழைத்தாலும் அதற்குப் பட்டம் கிடையாது. அந்தக் காலத்துக்குள் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால்தான் முனைவர் படிப்பில் சேர முடியும். பேராசிரியரின் சம்மதக் கடிதம் அந்தத் தேர்வுக்கு ஈடாகாது. கட்டணமும் தனித்தனி. ஆய்வு மாணவருக்கு மாதம் 29,700 யென் என்றும், பட்டப்படிப்புக்குச் சேர்க்கைக் கட்டணமாக 2,82,000 யென், ஆண்டுக் கட்டணமாக 5,35,800 யென் என்றும் தேசியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான ஓர் அளவு உண்டு. உதவித்தொகை கிடைத்துவிட்டதா, அது எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள்.

ஆங்கிலம் போதும் என்று உங்கள் பேராசிரியர் எழுதியது பொய்யன்று. அவருடைய அறைக்குள் அது போதும். ஆனால் நீங்கள் வாழப்போவது ஆய்வுக்கூடத்தில். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், முனைவர் மாணவர்கள், முதுகலை மாணவர்கள், பட்ட ஆய்வேடு எழுதவந்த நான்காம் ஆண்டு மாணவர்கள் என்று அடுக்கடுக்காக அமைந்த ஒரு கூட்டுக் குடும்பம் அது. கருவியை இயக்கச் சொல்லித்தருவது, கழிவு அமிலத்தை எந்தக் கலத்தில் ஊற்றுவது என்று காட்டுவது, இந்த வாரம் கூட்டிப் பெருக்கும் முறை யாருடையது என்று நினைவூட்டுவது எல்லாமே அந்த இளையவர்கள்தான். அவர்கள் ஆங்கிலத்தை வாசிப்பார்கள், பேசக் கூச்சப்படுவார்கள்.

நான் வந்த இரண்டாம் மாதம், குவார்ட்ஸ் குழாய்க்குள் அடைத்த கலவை ஒன்றை உலையில் ஒரு வாரம் வெப்பப்படுத்தி, பிறகு சட்டென்று குளிர்விக்க வேண்டியிருந்தது. உலையின் கதவில் யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். அதில் பெரிதாக எழுதியிருந்த எழுத்துகளில் ‘நீர்’ என்ற ஒன்றை மட்டுமே அப்போது எனக்குப் படிக்கத் தெரியும். வழக்கமான அறிவிப்பாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு உலையை ஏற்றிவிட்டுப் போனேன். சனிக்கிழமை முழுவதும் உலையைக் குளிர்விக்கும் நீர் நிறுத்தப்படும் என்பதே அந்த அறிவிப்பு. நீர் நின்றவுடன் உலை தானே அணைந்துவிட, உள்ளே இருந்த கலவை மெதுவாக ஆறி, எதற்கும் பயன்படாமல் போயிற்று. திங்கட்கிழமை காலை, இருபத்துநான்கு வயதுகூட நிரம்பாத ஒரு முதுகலை மாணவர் என் மேசை அருகில் வந்து, வாய்விட்டுச் சொல்லாமல் விட்டது தன் தவறு என்று தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். தவறு முழுவதும் என்னுடையது. அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கி, ஆய்வுக்கூடத்துச் சுவர்களில் ஒட்டியிருந்த அத்தனை அறிவிப்புகளையும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதத் தொடங்கினேன். மூன்று மாதம் கழித்து வாராந்தரக் கூட்டத்தில் என் அறிக்கையை ஜப்பானிய மொழியில் வாசித்தபோது, அதே மாணவர் முந்தைய இரவு அமர்ந்து அதைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்திருந்தார்.

இந்த ஊரில் அதற்கு ஒரு முன்னோடி உண்டு. சீனத்தின் பெரும் எழுத்தாளரான லூ சுன், 1904இல் செண்டாய் மருத்துவப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அந்தப் பள்ளிதான் பின்னர் இந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையாயிற்று. உடற்கூறு கற்பித்த ஃபுஜினோ கென்குரோ, அவருடைய பாடக் குறிப்பேடுகளை வாங்கி, விடுபட்டவற்றை மட்டுமல்லாமல் மொழிப் பிழைகளையும் சிவப்பு மையால் திருத்தித் தந்தார். லூ சுன் 1906இல் மருத்துவத்தை விட்டு இலக்கியத்துக்குப் போய்விட்டார் என்றாலும் அந்த ஆசிரியரைக் கடைசிவரை மறக்கவில்லை. திருத்துவதற்கு நாம் ஒரு குறிப்பேட்டை நீட்டினால்தானே அவர்களால் திருத்த முடியும்?

பெண் என்பதால் தயக்கமாக இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தோக்கியோ, கியோத்தோவுக்கு அடுத்ததாக, 1907இல் மூன்றாவது பேரரசுப் பல்கலைக்கழகமாக நிறுவப்பட்ட இது, மற்ற இரண்டும் அடைத்து வைத்திருந்த கதவைத் திறந்துவிட்டது. உயர்நிலைப் பள்ளி வழியாக வராத தொழிற்பள்ளி மாணவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டது. 1913இல் குரோதா சிகா, தாங்கே உமே, மக்கிதா ராக்கு என்ற மூன்று பெண்களைச் சேர்த்தபோது, முன்னெப்போதும் நடவாத செயல் இது என்று கல்வி அமைச்சகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது, பல்கலைக்கழகம் பின்வாங்கவில்லை. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்த முதல் மாணவிகள் அவர்கள்தான். குரோதா சேர்ந்தபோது அவருக்கு வயது 29. ஏற்கெனவே ஆசிரியையாக இருந்தவர். ஊதா வேர் எனப்படும் சாயச் செடியின் நிறமியை ஆராய்ந்து அதன் அமைப்பை வெளிப்படுத்தினார். நீங்கள் ஆராயப்போகும் காந்தங்களுக்கும் இந்த வளாகத்தில் வேர் இருக்கிறது. அக்காலத்தில் உலகிலேயே வலுவான நிலைக்காந்தமாக விளங்கிய கேஎஸ் எஃகை 1917 வாக்கில் ஹோண்டா கோத்தாரோ உருவாக்கியது இங்கேதான்.

பன்னாட்டு ஆய்வுச் சிறப்புப் பல்கலைக்கழகமாக அரசு முதன்முதலில் ஏற்றது தோஹொகுவைத்தான். 2024 நவம்பரில் அது நடந்தது. அந்தத் தகுதியால் அரசின் 10 லட்சம் கோடி யென் நிதியத்தின் ஆதாயத்திலிருந்து பணம் வருகிறது, இனி எல்லாமே ஆங்கிலமாகிவிடும் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். பணம் வருவது உண்மை. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பெருகுவதும் நல்லது. அதனால் உலைக் கதவில் ஒட்டும் தாள் உடனே ஆங்கிலமாகிவிடாது. தோக்கியோவில் மென்பொருள் வேலை பார்க்கும் நம்மவர்கள் தரும் அறிவுரையை இந்த ஊருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். பத்து ஆண்டுகள் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரிடம் வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசாமல், ஜப்பானியர் நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று குறைப்படுவோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டவருக்கு வீடு இல்லை என்று ஒரு வீட்டுத் தரகர் முகத்துக்கு நேரே சொன்னபோது நானும் அழுதிருக்கிறேன். ஆனால் வாடகை ஒப்பந்தத்தை நானே வாசித்துக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகு அப்படிப்பட்ட பதில் எனக்கு வந்ததில்லை.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்குப் பெரும் நிலநடுக்கம் வந்தபோது நான் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் அவோபாயாமா குன்றில், மூன்றாம் தளத்தில் இருந்தேன். கதவைத் திற, மேசைக்கடியில் போ என்று மற்றவர்கள் ஜப்பானிய மொழியில் கத்தியது எனக்குப் புரிந்தது. வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் பனி கொட்டக் கொட்ட நின்றபோது, ஒருவர் கையிலிருந்த வானொலியில் கடற்கரைப் பகுதிகளின் பெயர்களும் சுனாமியின் உயரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அருகே நின்ற ஆறு வெளிநாட்டு மாணவர்களுக்கும் ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான். அடுத்த வாரமே ஊர் திரும்பியவர்களைக் குறை கூற மாட்டேன். பெற்றோர் தொலைபேசியில் அழும்போது யாரால் இருக்க முடியும்? நான் இருந்துவிட்டேன்.

அந்த மாதம் நடந்திருக்க வேண்டிய பட்டமளிப்பு விழா நடக்கவில்லை. எங்கள் கட்டடத்துக்குள் போகத் தடை இருந்ததால், வேறொரு கட்டடத்தின் நடைவழியில், தலைக்கவசம் அணிந்தபடியே பேராசிரியர் என் முனைவர் பட்டச் சான்றிதழை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்க வாசித்தார். ஒரு சொல்கூட விடாமல் எனக்குப் புரிந்தது.