ஐரோப்பாவில் ஒரு சிறிய கிராமத்தின் கிறிஸ்துமஸ் சந்தைக்குச் சென்றிருக்கிறீர்களா? அதற்காக ஒரு நாளைச் செலவிடுவது தகுமா?

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் குடியரசின் எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் சைஃபன் என்றொரு கிராமம் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் அந்தக் கிராமத்தின் டிசம்பர் சந்தைக்கு நான் மூன்று முறை சென்றிருக்கிறேன். வேலை நிமித்தமாக ஆறு ஆண்டுகளாகக் கெம்னிட்ஸ் நகரில் வசிப்பதால், பெரிய நகரங்களின் சந்தைகளையும் ஓரளவு பார்த்திருக்கிறேன். ஒரு நாளைச் செலவிடத் தகுமா என்று கேட்டால், தாராளமாகத் தகும் என்பேன். ஆனால் அங்கே போகிறவர்கள் தெருவோரக் கடைகளைவிட அவற்றின் பின்னால் இருக்கும் பட்டறைகளுக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இதை நான் முதல் முறை செய்யத் தவறினேன்.

நான் அங்கே போகக் காரணமாக இருந்தது ஒரு கசப்பான அனுபவம். ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு பெரிய நகரத்தின் சந்தையில், சிவப்புக் கோட்டு அணிந்த கொட்டை உடைக்கும் பொம்மை ஒன்றை, கைவேலைப்பாடு என்று கடைக்காரர் அடித்துச் சொன்னதை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதன் வாயில் ஒரு ஹேசல் கொட்டையை வைத்து முதுகுப்பக்க நெம்புகோலை அழுத்தியதும், கொட்டை அப்படியே இருக்க, பொம்மையின் தாடைதான் கழன்று விழுந்தது. அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தபோது, சுரண்டி எடுக்கப்பட்ட ஓர் ஒட்டுச்சீட்டின் மிச்சத்தில், அது கப்பலேறி வந்த சரக்கு என்பது தெரிந்தது. மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, அந்த மலைப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்த மூத்த சக ஊழியர் ஒருவர் நெடுநேரம் சிரித்துவிட்டு, "பொம்மை வேண்டுமென்றால் பொம்மை செய்கிற ஊருக்கல்லவா போக வேண்டும்?" என்றார். அந்த வாரக் கடைசியிலேயே சைஃபனுக்குப் புறப்பட்டேன்.

அந்த மலைத்தொடரின் பெயர் எர்ட்ஸ்கெபிர்கே. தமிழில் சொன்னால் தாது மலை. வெள்ளியும் வெள்ளீயமும் பல நூற்றாண்டுகளாக அங்கே தோண்டி எடுக்கப்பட்டன. எல்லையின் இருபுறமும் உள்ள அந்தச் சுரங்கப் பகுதி 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சைஃபன் என்ற பெயரே, ஓடை மணலை நீரில் அலசி வெள்ளீயத் தாதுவைப் பிரித்தெடுக்கும் முறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தாது குறையக் குறைய, கூலி போதாத சுரங்கத் தொழிலாளர்கள், கைக்கெட்டும் தூரத்தில் தாராளமாகக் கிடைத்த காட்டு மரத்தைக் கடைந்து தட்டு, கிண்ணம், பொத்தான், பிறகு பொம்மை என்று செய்து விற்கத் தொடங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுரங்கம் மூடப்பட்டபோது, பொம்மைத் தொழில்தான் ஊருக்குச் சோறு போட்டது. ஆகவே அந்த ஊர்ச் சந்தையைச் சுற்றுலாவுக்காக யாரோ திட்டமிட்டு உருவாக்கிய விழாவாகப் பார்க்கக் கூடாது. ஆண்டு முழுவதும் பட்டறைக்குள் நடக்கிற தொழில், டிசம்பரில் தெருவுக்கு வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

கெம்னிட்ஸிலிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே ஒல்பர்ன்ஹவ் வரை ரயிலிலும், அங்கிருந்து பேருந்திலும் சென்றேன். பேருந்து மேடேற மேடேற மழை பனியாக மாறியது. மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிட்ட அந்த நேரத்தில், நான் முதலில் கண்டது சந்தையை அல்ல, வீடுகளின் ஜன்னல்களைத்தான். ஒரு ஜன்னல் விடாமல் எல்லாவற்றிலும், அரைவட்ட வளைவின் மேல் வரிசையாக விளக்குகள் எரியும் ஒரு மர வேலைப்பாடு வைக்கப்பட்டிருந்தது. ஷ்விப்போகன் என்று அதைச் சொல்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் சுரங்க ஊர்க் கொல்லர்கள் இரும்பில் அடித்த வளைவுகளே அதற்கு முன்னோடி. குளிர்காலத்தில் விடியும் முன் சுரங்கத்துக்குள் இறங்கி, இருட்டிய பிறகு மேலேறி வருகிற மனிதனுக்குப் பகல் வெளிச்சம் என்பதே ஞாயிற்றுக்கிழமையின் சொத்து. அப்படிப்பட்டவனுக்கு வீட்டு ஜன்னலில் எரியும் விளக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை, அந்த இருட்டில் பனிக்குள் நடந்தபோது ஊகிக்க முடிந்தது. சில ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏந்திய சுரங்கத் தொழிலாளி பொம்மைகளும் தேவதைப் பொம்மைகளும் நின்றன. வீட்டில் எத்தனை ஆண் பிள்ளைகளோ அத்தனை தொழிலாளிகள், எத்தனை பெண் பிள்ளைகளோ அத்தனை தேவதைகள் என்பது பழைய வழக்கமாம். தெரு நெடுகப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

அந்த முதல் பயணத்தில் கடைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த ஆண்டுதான், சக ஊழியரின் அறிவுரைப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலேயே போய், ஊரின் ஒரு கோடியில் இருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வளையக் கடைசல் வேலையைப் பார்த்தேன். உலகத்தில் வேறெங்கும் இல்லாத தொழில் என்று அந்த ஊரார் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்கள். என் சொந்த ஊருக்கு அருகிலுள்ள அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைவதைச் சிறு வயதில் பார்த்திருந்ததால், கடைசல் என்றால் எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தோடுதான் போய் நின்றேன். அங்கே நடந்ததோ வேறு. தண்ணீரில் ஊறவைத்த ஸ்ப்ரூஸ் மரத்தை வட்டத் தட்டாக அறுத்துக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, நீண்ட பிடியுள்ள உளியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கைவினைஞர் அதில் பள்ளமும் மேடுமாக வரிகளைக் கடைந்தார். ஈர மரச் சீவல்கள் அவருடைய தோளைத் தாண்டிப் பறந்தன. ஒரு பக்கம் முடிந்ததும் தட்டைக் கழற்றித் திருப்பிப் பொருத்தி, மறுபக்கத்தையும் அதேபோல் கடைந்தார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது விசித்திரமான விளிம்புகளைக் கொண்ட ஒரு மர வளையமாகத்தான் தெரிந்தது. பிறகு அவர் அந்த வளையத்தின் மேல் கத்தியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, கேக்கை வெட்டுவது போல ஒரு துண்டைப் பிளந்தெடுத்து, வெட்டுமுகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். காது, முதுகு, வயிறு, கால்களுமாக ஒரு குதிரை அங்கே நின்றது.

நான் இன்றும் வியப்பது இதைத்தான்: கடையும்போது குதிரை அவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. வளையத்தைப் பிளக்கும் வரை அந்த உருவம் மரத்துக்குள்ளேதான் இருக்கிறது. உளி எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் போனால் அது முழங்காலாகும், எங்கே நிறுத்தினால் கழுத்தாகும் என்பதெல்லாம் கையின் நினைவிலிருந்து வர வேண்டும். ஒரே வளையத்திலிருந்து டஜன் கணக்கில் குதிரைகளைப் பிளந்தெடுக்கலாம். அவற்றின் கூரிய ஓரங்களைச் சீவி, வால் ஒட்டி, வண்ணம் பூசுவதைக் குடும்பத்தில் மற்றவர்கள் வீட்டில் செய்வார்களாம். மலிவான பொம்மையை மிகுந்த எண்ணிக்கையில் செய்தாக வேண்டிய வறுமைதான், ஏறத்தாழ 1800ஆம் ஆண்டையொட்டி, இந்த உத்தியைக் கண்டுபிடிக்க வைத்தது. அப்படிச் செய்த விலங்குகளை நோவாவின் பேழைக்குள் அடுக்கி, ஜோடி ஜோடியாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். ஊர் நடுவே 1953ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பொம்மை அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய பேழைகளைப் பார்க்கலாம். யானையை நேரில் பார்த்திராத கைகள் செய்த யானைகளும் அவற்றில் உண்டு. தும்பிக்கையில் கொஞ்சம் சந்தேகம் தெரிகிறது.

என்னை ஏமாற்றிய கொட்டை உடைக்கும் பொம்மையின் அசல் வடிவமும் இந்த ஊரில் உருவானதுதான். வில்ஹெல்ம் ஃபிரீட்ரிக் ஃபுயுக்ட்னர் என்ற சைஃபன் கைவினைஞர் 1870ஆம் ஆண்டையொட்டிச் செய்த சிவப்புக் கோட்டு ராஜா பொம்மையே இன்று உலகெங்கும் நகலெடுக்கப்படுகிறது. அவருடைய வழிவந்தவர்கள் இன்றும் அங்கே பட்டறை நடத்துகிறார்கள். ராஜா, போலீஸ்காரர், படைவீரர் என்று அதிகாரத்தில் இருப்பவர்களின் உருவத்தையே இந்தப் பொம்மைக்குக் கொடுத்ததில் ஏழைத் தொழிலாளியின் குறும்பு இருக்கிறது. ஆண்டு முழுவதும் நம்மை ஆட்டிப்படைப்பவர்கள், கிறிஸ்துமஸ் அன்றாவது நமக்காகக் கடினமான கொட்டைகளைக் கடிக்கட்டுமே!

நான் கடைசியில் வாங்கியது ராஜாவை அல்ல, புகை விடும் மனிதனை. ஓர் சாண் உயரத்தில், வாயில் புகைக்குழாயோடு நிற்கும் மரப் பொம்மை அது. இடுப்புக்கு மேலுள்ள பாகத்தைத் தூக்கினால் உள்ளே குடைவாக இருக்கும். கீழ்ப்பாகத்தில் உள்ள சிறிய உலோகத் தகட்டில் ஒரு நறுமணக் கூம்பைப் பற்றவைத்து மூடிவிட்டால், வாய் வழியாகப் புகை சுருண்டு வரும். கடைக்காரப் பெண்மணி எனக்காக ஒன்றைப் பற்றவைத்துக் காட்டியபோது, பனி பெய்துகொண்டிருந்த அந்தத் தெருவில் நான் ஒரு கணம் வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் வீட்டுப் பூஜையறை வாசலில் நின்றேன். கரித்தூள், குந்திரிக்கம், சந்தனம், ஒட்டுவதற்கு உருளைக்கிழங்கு மாவு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து செய்வதாக அவர் விளக்கினார். நாங்களும் ஏறக்குறைய இதையேதான் கொளுத்துகிறோம் என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை. விலை 42 யூரோ. நகரச் சந்தையில் ஏமாந்த விலையைவிட இரண்டு மடங்கு அதிகம். ஆனால் அதே பொம்மைக்கு அவருடைய கணவர் பின்னறையில் மூக்கு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணாடித் தடுப்பின் வழியே பார்த்த பிறகு, பேரம் பேசத் தோன்றவில்லை. அசல் பொருள்களில் அந்த மலைத்தொடரின் பெயரோடு ஒரு சிறிய குதிரைவீரன் முத்திரை இருக்கும். வாங்குபவர்கள் அதைக் கவனித்து வாங்கலாம். பெட்டியில் இடமில்லாதவர்களுக்கு, தீப்பெட்டிக்குள் ஒரு முழுக் கிராமத்தையே அடக்கிய குட்டிப் பொம்மைகளும் கிடைக்கின்றன.

இன்று இப்படி வாசலிலேயே குவிந்து கிடக்கும் பொருள்கள், கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் உள்ளூர்க்காரர்களுக்கே எளிதில் கிடைத்ததில்லை என்று சக ஊழியர் சொன்னார். அந்நியச் செலாவணிக்காகப் பெரும்பகுதி மேற்கு நாடுகளுக்குப் போய்விடுமாம். மிஞ்சியதைக் கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து தெரிந்தவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பாராம். நம் ஊர் ரேஷன் கடைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சாப்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை. எல்லாச் சந்தைகளிலும் இருக்கும் சூடான மசாலா ஒயின், வறுத்த பாதாம், தொத்திறைச்சி எல்லாம் இங்கும் உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள், அரைத்த உருளைக்கிழங்கைத் தட்டிப் பொரித்து ஆப்பிள் கூழோடு தருவதைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது. மது வேண்டாதவர்களுக்குச் 'சிறுவர் பஞ்ச்' என்ற பழச்சாறு பானம் இருக்கிறது. கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் மாதத்துச் சனி, ஞாயிறுகளில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். ஒரே ஒரு முதன்மைத் தெருவைக் கொண்ட கிராமம் திணறிப்போகும். என் முதல் பயணத்தில் பொம்மைகளைவிட மனிதர்களின் முதுகுகளையே அதிகம் பார்த்தேன். அருங்காட்சியகத்தில் கடைசல் நடக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரிக்காமல் போனால் வெறும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும். கையில் ரொக்கம் வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கியவுடனே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை நான் ஒரு பேருந்தைத் தவறவிட்டு, மேட்டின் மேலிருக்கும் எண்கோணத் தேவாலயத்தின் வாசலில் ஒரு மணி நேரம் நடுங்கிக்கொண்டு நின்றேன். 1779ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்தின் உருவம்தான் ஊர்க் கடைகளில் விற்கும் பாதிப் பொருள்களில் இருக்கிறது. ஒரு மணி நேரம் பார்த்ததில் எனக்கு அதன் ஒவ்வொரு ஜன்னலும் மனப்பாடம்.

புகை விடும் மனிதனை அடுத்த விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். "இதுக்கு எதுக்குலே அம்புட்டுத் தூரம் போன, நம்ம அம்பாசமுத்திரத்துல இல்லாத பொம்மையா?" என்று கேட்டாலும், அன்று மாலையே அது பூஜையறை அலமாரியில் இடம்பிடித்துவிட்டது. நான் திரும்பி வந்த பிறகு ஜெர்மன் கூம்புகள் தீர்ந்துபோக, அம்மா அதற்குள் நம் ஊர்க் கப் சாம்பிராணியை வைத்திருக்கிறார். அளவு பெரிதல்லவா, பொம்மையின் வயிற்றுப்பகுதி உள்பக்கமாகக் கருகிவிட்டது. ஆகவே மூன்றாம் முறை சைஃபனுக்குப் போனபோது பொம்மை எதுவும் வாங்கவில்லை. நறுமணக் கூம்பு மட்டும் பத்துப் பெட்டி வாங்கினேன்.